சேர்வர் பூட் ஆகேக்க நெட்வேர்க்கில வந்து நிண்டிடுது, ஆராவது உதவுங்கோ

கொட்டாஞ்சேனைப் பொடியன்:
வணக்கம். புறக்கோட்டையில ஒரு ஹாட்வெயார் கடையில பில் போடுற சேர்வர், உபுண்டு 22.04. கரண்ட் போய் வந்து திரும்பப் போட்டா "வெயிட் ஃபோர் நெட்வேர்க் டு பி கொன்ஃபிகேட்" எண்ட வரி வந்து பக்கத்தில சிவப்பு நட்சத்திரம் இங்கயும் அங்கயும் ஓடிக்கொண்டு ரெண்டு நிமிஷம் அப்பிடியே நிக்குது, பிறகு தானா எழும்பி எல்லாம் ஒழுங்கா வேலை செய்யுது. காலமை கவுண்டரில ஆக்கள் நிக்கேக்க முதலாளி என்ர முகத்தைத்தான் பாக்கிறார். மதர்போட்டில ரெண்டு லான் போட் இருக்கு, ஒண்டிலதான் கேபிள். டிஸ்க் பழுதாகுதோ?

மருதானை மச்சான்:
நெட்வேர்க் வரும்வரை காத்து நிக்கிற வெயிட்-ஒன்லைன் சேர்விஸை மாஸ்க் பண்ணிடுங்க (ஓடவே விடாம நிப்பாட்டி வைக்கிறது) ப்ரோ, வேலை முடிஞ்சுது. நான் எங்க போனாலும் முதல்ல அதைத்தான் செய்யிற.

வெள்ளவத்தை அண்ணை:
தம்பி, டிஸ்க்குக்கு ஒண்டும் இல்லை. அந்த சேர்விஸ் 120 செக்கன் பாத்திட்டுத்தான் கைவிடும், உங்கட ரெண்டு நிமிஷம் அதுதான். ஆனா மாஸ்க் பண்ண முதல் ரெண்டு விஷயம் சொல்லுங்கோ: லான் போட்டுகளின்ர நிலையைக் காட்டுற நெட்வேர்க்சிடிஎல் கமாண்ட் அடிச்சா என்ன காட்டுது, மவுண்ட் பண்ண வேண்டியதுகளை எழுதி வைக்கிற எஃப்எஸ்டாப் ஃபைலில என்எஃப்எஸ் மவுண்ட் (நெட்வேர்க்கால வாற வேற மெஷினின்ர ஃபோல்டர்) ஏதும் கிடக்கோ?

கொட்டாஞ்சேனைப் பொடியன்:
கேபிள் உள்ள போட் எனோ1 ரூட்டபிள், கொன்ஃபிகேட். மற்ற போட் எனோ2 நோ-கரியர், கொன்ஃபிகரிங். ஓம் அண்ணை, மேல்மாடியில நாஸ் (நெட்வேர்க்கில கொழுவின ஸ்டோரேஜ் பெட்டி) ஒண்டு இருக்கு, இரவில பக்கப் ஸ்கிரிப்ட் அதுக்குத்தான் கொப்பி பண்ணும்.

வெள்ளவத்தை அண்ணை:
அப்ப கேஸ் முடிஞ்சுது. இன்ஸ்டோல் பண்ணேக்க ரெண்டு போட்டுக்கும் டிஎச்சிபி (ஐபியைத் தானா வாங்கிறது) எண்டு எழுதுப்பட்டிருக்கும், எனோ2இல கேபிளே இல்லை, வராத ஐபிக்கு, சேர்விஸுகளைத் தொடக்கி விடுற சிஸ்டம்டி காவல் நிக்குது. மருதானைத் தம்பி சொன்னபடி மாஸ்க் பண்ணினா பூட் டக்கெண்டு போகும்தான், ஆனா எனோ1க்கும் ஐபி வர முதலே "நெட்வேர்க் வந்திட்டுது" எண்டு நினைச்சு என்எஃப்எஸ் மவுண்ட் ஓடிப்போய் ஃபெயிலாகும். நெட்வேர்க் செட்டிங் கிடக்கிற நெட்பிளான் ஃபோல்டரில இருக்கிற யமல் ஃபைலைத் திறந்து எனோ2க்குக் கீழ, டிஎச்சிபி4 வரிக்கு நேர, "ஒப்ஷனல்: ட்ரூ" (இந்தப் போட்டுக்காகப் பூட் காத்து நிக்கத் தேவையில்லை) எண்டு ஒரு வரி போடுங்கோ. ஸ்பேஸ்தான், டாப் அடிச்சா யமல் ஏத்துக்கொள்ளாது. பிறகு நேர அப்ளை குடுக்காம நெட்பிளான் ட்ரை குடுங்கோ, பிழைச்சு லைன் அறுந்தாலும் 120 செக்கனில பழையபடி வந்திடும், வீட்டில இருந்து எஸ்எஸ்எச்சில செய்யிற ஆளெண்டா இது உயிர் காக்கும்.

பிஎஸ்டி பிரியன்:
ஃப்ரீபிஎஸ்டி எண்ட மற்ற ஓஎஸ்ஸிலயும் இதே கூத்து உண்டு. செட்டிங் ஃபைல் ஆர்சி.கொன்ஃபில சிங்க்டிஎச்சிபி எண்டு போட்டிருந்தா ஐபி கிடைக்கும் வரை காத்து நிக்கும், வெறும் டிஎச்சிபி எண்டா தன்ர பாட்டில பூட் ஆகும். உபுண்டுக்காரருக்குத்தான் எல்லாம் புதுசு 😄

கொட்டாஞ்சேனைப் பொடியன்:
அண்ணை சரி வந்திட்டுது! ரீபூட் பண்ணிப் பாத்தன், அந்த வரியில நிக்கவே இல்லை. இன்னொண்டு, நாஸை ஆராவது ஓஃப் பண்ணி வச்சா திரும்பவும் நிக்குமோ? எஃப்எஸ்டாப் வரியில நோஃபெயில் போட்டாக் காணுமோ?

வெள்ளவத்தை அண்ணை:
நிக்கும், நோஃபெயில் போட்டா பூட் அதுக்காகக் காத்து நிக்காது. ஆனா அதை மட்டும் போட்டா வேற வில்லங்கம்: நாஸ் மவுண்ட் ஆகாத அண்டைக்கு ஸ்கிரிப்ட் அந்த வெறும் ஃபோல்டருக்குள்ளயே கொப்பி பண்ணி சேர்வரின்ர சொந்த டிஸ்க்கை நிரப்பிப்போடும், பக்கப் ஓடினமாதிரியும் காட்டும். நோஆட்டோவோட எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட் சேத்துப் போடுங்கோ, ஃபோல்டரைத் தொடேக்கதான் மவுண்ட் பண்ணும், நாஸ் இல்லாட்டி எரர் தரும். ஸ்கிரிப்ட் தொடக்கத்தில எல்எஸ் கமாண்டால அந்த ஃபோல்டரை ஒருக்காத் திறந்து பாத்து, எரர் வந்தா அதிலயே நிப்பாட்டச் சொல்லுங்கோ.