லாங்இயர்பியன் – ரெசல்யூட் பே விமானத் தூரம்: என் கணக்கில் 12,000 கி.மீ. தாண்டுகிறது, எங்கே தவறு?

துருவநரி: எக்செல்லில் விமான நிலையங்களின் தூரப் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த ஒரு ஜோடி மட்டும் உதைக்கிறது. நார்வேயின் ஸ்வால்பார்டில் இருக்கும் லாங்இயர்பியன் 78.25 வடக்கு, 15.47 கிழக்கு. கனடாவின் நூனவுட்டில் இருக்கும் ரெசல்யூட் பே 74.72 வடக்கு, 94.97 மேற்கு. தீர்க்கரேகை வித்தியாசம் 110.44 பாகை. பாகைக்கு 111 கி.மீ. வைத்தால் 12,250-க்கு மேல் போகிறது. ஒரு தளமோ வெறும் 1,335 என்று காட்டி, மூன்றரை மணி நேரப் பயணம் என்கிறது. எதை நம்புவது?

திசைகாட்டி: இரண்டையும் அப்படியே நம்பாதீர்கள். 111 கி.மீ. என்பது நிலநடுக்கோட்டுக் கணக்கு. வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கிவிடும். லாங்இயர்பியனில் ஒரு பாகைக்கு 23 கி.மீ. கூடத் தேறாது. இரண்டு ஊர்களுக்கும் நடுவிலுள்ள அட்சரேகையை வைத்து அதைத் திருத்தினாலும் 2,870 வரை வரும், அதுவும் அதிகம்தான். ஏனென்றால் குறுக்கு வழி அட்சரேகையை ஒட்டிப் போகாது, 82 பாகை வடக்கு வரை ஏறி இறங்கும். தட்டையான வரைபடத்தில் இது தெரியாது, ஒரு பந்தில் நூலைப் பிடித்துப் பாருங்கள்.

சரியான தூரத்துக்கு இப்படிப் போடுங்கள்: இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள். அதோடு அதே அட்சரேகைகளின் காஸ்களையும் தீர்க்கரேகை வித்தியாசத்தின் காஸையும் பெருக்கிக் கூட்டுங்கள். வருவதற்குத் தலைகீழ் காஸ் எடுத்து, பூமியின் ஆரமான 6,371-ஆல் பெருக்கினால் கி.மீ.

துருவநரி: போட்டுப் பார்த்தேன் சார், 6,800 சொச்சம் வருகிறது!

திசைகாட்டி: பாகையை அப்படியே கொடுத்திருப்பீர்கள். எக்செல்லின் சைனுக்கும் காஸுக்கும் ரேடியன்தான் புரியும். ஒவ்வொரு கோணத்தையும் பையால் பெருக்கி 180-ஆல் வகுத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

துருவநரி: 2,472! அப்படியானால் அந்த 1,335?

மேகம்: கடல் மைல். 1.852-ஆல் பெருக்கிப் பாருங்கள், உங்கள் எண்ணே வரும். இந்தக் குழப்பத்தில் நானும் ஒரு நாள் முழுக்கத் தொலைத்திருக்கிறேன்.

அந்த மூன்றரை மணி நேரத்தைத்தான் நான் நம்ப மாட்டேன். ஜெட் வேகம் மணிக்கு 800 கி.மீ. என்று வகுத்து, ஏற இறங்க அரை மணி கூட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ரெசல்யூட்டின் ஓடுதளம் சரளைக்கல். எல்லா ஜெட்டும் அதில் இறங்கிவிட முடியாது. ஏடிஆர் 42 மாதிரி விசிறி விமானம் என்றால் மணிக்கு 500 கி.மீ. சுமாரில்தான் போகும், ஆட்களை நிரப்பிக்கொண்டு இவ்வளவு தூரம் நிற்காமல் போகவும் எரிபொருள் காணாது. காற்று எதிர்த்தால் இன்னும் மோசம்.

துருவநரி: சரி, நேரடி விமானம் இருக்கிறதா?

மேகம்: வழக்கமான சேவை கிடையாது. தெற்கே ஒஸ்லோவுக்கு இறங்கி, அட்லாண்டிக்கைத் தாண்டி ஒட்டாவா, அங்கிருந்து இக்காலுயிட், அப்புறம்தான் ரெசல்யூட். லாங்இயர்பியன் – ஒஸ்லோ மட்டுமே ஏறத்தாழ 2,000 கி.மீ., மூன்று மணி நேரம். பட்டியலில் நேரத்துக்குப் பதிலாக 'நேரடி இல்லை' என்று போட்டுவிடுங்கள்.

இன்னொன்று, ரெசல்யூட் ஓடுதளத்தின் பெயர் 17டி/35டி. ஓடுதள எண் அது நோக்கும் திசையைப் பத்துப் பாகைக் கணக்கில் சொல்வது, வழக்கமாகத் திசைகாட்டியை வைத்துக் கொடுப்பார்கள். காந்த வடதுருவம் பக்கத்தில் இருந்ததால் அங்கே திசைகாட்டி ஒழுங்காக வேலை செய்யாது. அதனால் உண்மை வடக்கை வைத்தே எண் கொடுத்திருக்கிறார்கள், அந்த 'டி' அதற்குத்தான் (ஆங்கிலத்தில் 'ட்ரூ', அதாவது உண்மை).

துருவநரி: மாற்றிவிட்டேன். மற்ற வரிசைகளிலும் அந்த 111 இருக்கிறது, எல்லாவற்றையும் மறுபடி போட வேண்டும்.