ஒரு கப் தேன் எத்தனை கிராம்? அளந்து பார்த்தவர்கள் சொல்லுங்க

கோபியிலிருந்து

வீட்டிலேயே கேக் செய்து ஆர்டருக்குக் கொடுக்கிறேன். சீனி வேண்டாம், தேன் ஊற்றிச் செய்து தாங்க என்று கேட்பவர்கள் இப்போது அதிகம். அப்படி வந்த ஒரு அக்கா, தன் வீட்டில் செய்ததில் ஒரு துண்டு கொண்டுவந்து காட்டினார். மேலே கருகல், நடுவில் களி மாதிரி ஈரம். “ஒரு கப் சீனிக்கு ஒரு கப் தேன்தானுங்க ஊத்துனேன்” என்றார்.

அங்கேதான் கணக்கு இடிக்கிறது. 240 மில்லி கப்பில் சீனி 200 கிராம்தான் பிடிக்கும். அதே கப்பில் தேன் 340 கிராம் நிற்கும். தேனில் 18 சதவீதம் போலத் தண்ணீர். அதைக் கழித்தாலும் இனிப்பு மட்டும் 280 கிராம் வந்துவிடுகிறது. அவரை முக்கால் கப், அதாவது 255 கிராம் தேன் போடச் சொன்னேன். அதில் இனிப்பு 210 கிராம் இருக்கும், சீனிக் கணக்குக்குச் சரி. தேனோடு வரும் தண்ணீருக்காகப் பாலில் மூன்று டேபிள் ஸ்பூன் குறைக்க வேண்டும். தேன் சீக்கிரம் சிவக்கும் என்பதால் ஓவன் சூட்டையும் கொஞ்சம் இறக்கச் சொன்னேன். அடுத்த முறை செய்ததைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். நடுவரைக்கும் நன்றாக வெந்திருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்தியூரிலிருந்து

நாங்கள் தேன் விற்கிறோம். பெரியவர் ஒருவர் ஒரு கிலோ வாங்கிப்போய், மறுநாளே லிட்டர் பாட்டிலோடு திரும்பி வந்தார். “கிலோவுக்குக் காசு வாங்கிப்போட்டு முக்கா பாட்டல்கூட ஊத்தலையே சாமி?” அவர் கேட்டதில் தப்பே இல்லை. தண்ணீராக இருந்தால் ஒரு கிலோவுக்கு பாட்டில் நிறைந்திருக்கும். அதே அளவு காலி பாட்டில் இரண்டை எடுத்து, ஒன்றில் தண்ணீரும் ஒன்றில் தேனும் கழுத்துவரை நிரப்பி, அவர் கண்ணெதிரே தராசில் வைத்தேன். தண்ணீர் ஒரு கிலோ, தேன் ஒரு கிலோ 400. கொஞ்ச நேரம் தராசையே பார்த்துவிட்டு, “அப்ப கிலோ தேனு எழுநூறு மில்லிதான்” என்று அவரே கணக்கை முடித்தார்.

விலை கேட்கும்போதும் இதை மறக்காதீர்கள். கிலோ 500 ரூபாய் தேனும் லிட்டர் 700 ரூபாய் தேனும் ஒரே விலைதான். லிட்டர் எடை 1,400 கிராமுக்கு வெகுவாகக் கீழே இறங்கினால் ஈரம் அதிகம் என்று தெரிந்துகொள்ளலாம். கெட்டியான சீனிப்பாகு கலந்திருந்தால் எடை காட்டிக்கொடுக்காது.

கவுந்தப்பாடிப் பக்கம்

தேனுக்காவது ஓர் எண் இருக்கிறது, வெல்லப்பாகுக்கு அதுவும் கிடையாது. வெளிநாட்டில் இருக்கும் எங்கள் சொந்தக்காரப் பெண், தீபாவளிக்குக் கச்சாயம் சுட போன் செய்து, “ஒரு டம்ளர் பாகு எத்தனை கிராம், அத்தை?” என்றாள். எந்தப் பதத்துப் பாகு என்று திருப்பிக் கேட்டேன். வெல்லமும் தண்ணீரும் சம எடையில் கரைத்து வடித்தால் 100 மில்லி 120 கிராமுக்குச் சற்று மேல். கம்பிப் பதத்துக்குக் காய்ச்சினால் 140 கிராம் பக்கம் போய்விடும். தண்ணீர் சுண்டச் சுண்ட எடை ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் பாகை அளக்கவே வேண்டாம், வெல்லத்தைத் தட்டும்போதே நிறுத்துக்கொள் என்றேன். மாவுக்கு எவ்வளவு வெல்லம் என்பதுதான் கணக்கு. பதத்தைக் கண்ணும் விரலும் பார்த்துக்கொள்ளும்.

பொள்ளாச்சியிலிருந்து

அவசரத்துக்கு இது போதும்: தேன் ஒரு டீஸ்பூன் 7 கிராம், டேபிள் ஸ்பூன் 21 கிராம். அப்புறம், கரண்டியில் ஒட்டிக்கொண்டு வராதது தனிக் கதை. நான் மாவுப் பாத்திரத்தையே தராசில் வைத்து, பூஜ்யம் ஆக்கிவிட்டு, பாட்டிலிலிருந்து நேராக ஊற்றிவிடுவேன்.