14,500 ரூபாய் எஞ்சின், பெட்டிக்குள் வேறு கதை

மூன்று வாரத்துக்கு முன் ஆன்லைனில் வீட்டில் ஓட்டும் மாடல் ரயிலுக்காகப் பழைய டீசல் எஞ்சின் ஒன்றை 14,500 ரூபாய்க்கு வாங்கினேன். கும்பகோணத்துக்கு வந்து சேர்ந்தது. விளம்பரத்தில் 'ஹெச்ஓ, டிசிசி டிகோடருடன், ஓடும் நிலையில்' என்று இருந்தது. ஹெச்ஓ என்றால் நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு அளவு; டிசிசி டிகோடர் என்பது டிஜிட்டல் கட்டளையை வாங்கி எஞ்சினை ஓட்டும் சிறு சர்க்யூட்.

வந்தது ஹார்ன்பி கம்பெனியின் ஓஓ அளவு எஞ்சின். இரண்டு அளவுக்குமே தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர்தான், அதனால் ஏறி நிற்கும். ஆனால் இது 1:76, என்னிடம் உள்ள ரயில் பெட்டிகள் 1:87. பக்கத்தில் வைத்தால் யானையும் கன்றும் மாதிரி இருக்கிறது. மூடியைக் கழற்றினால் டிகோடரே இல்லை, 8 பின் சாக்கெட்டில் டிகோடருக்குப் பதிலாகச் செருகும் வெறும் பிளாங்க்கிங் பிளக்!

12 வோல்ட் டிசி கொடுத்தால் விளக்கு எரிகிறது, மோட்டார் முனகுகிறது, சக்கரம் அரைச் சுற்றோடு நின்றுவிடுகிறது. சக்கரத்தை ஸ்பிரிட்டால் துடைத்தேன். கியரில் இறுகிக்கிடந்த பழைய கிரீஸைச் சுரண்டி எடுத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். அப்புறம் மோட்டார் காயில் கட்டும் கடைக்கும் போனேன். "பொம்மைக்கெல்லாம் நான் கை வைக்க மாட்டேன் சார்" என்று சொல்லிவிட்டார்.

விற்றவருக்குப் படம், வீடியோ எல்லாம் அனுப்பினேன். விவரம் தெரிந்தவர் யாராவது பார்த்து எழுதிக் கொடுத்தால் பணம் திருப்புவது பற்றிப் பேசலாம் என்கிறார். சரி, அதையும் செய்துவிடலாம்.

தஞ்சாவூர், மயிலாடுதுறை, திருச்சி பக்கம் இதை நேரில் பார்த்து அப்படி எழுதித் தரக்கூடியவர் யாராவது இருக்கிறீர்களா?