கடை வேலைக்கு எந்த லினக்ஸ்? நோண்டிப் பார்க்க எந்த லினக்ஸ்?

கேள்வி: மஞ்சக்குப்பம் தட்டச்சு (கடலூர்)

வணக்கம். மஞ்சக்குப்பத்தில் சின்னதாக ஒரு டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனு, வாடகை ஒப்பந்தம், பயோடேட்டா, பட்டா நகல், வில்லங்கச் சான்று, இதுதான் தினசரி வேலை. கடையில் இரண்டு சிஸ்டம். ஒன்று புதுசு, விண்டோஸ் 11. இன்னொன்று ஆறாம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ரேம், விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது. 11-க்கு மாற்றலாம் என்றால் இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டுமாம். நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற மெஷினைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

லினக்ஸில் பல வகை இருக்கிறது, டிஸ்ட்ரோ என்கிறார்கள். எதைப் போடுவது என்பதில்தான் குழப்பம். அக்கா பையன் இன்ஜினியரிங் படிக்கிறான். "மாமா, ஆர்ச் போடுங்க, அப்பதான் ஏதாவது கத்துக்க முடியும்" என்கிறான். சர்வீஸுக்கு வருகிறவர் உபுண்டு போதும் என்கிறார். யூடியூப்பில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

எனக்கு வேண்டியது இரண்டு. பகலில் வேலை நிற்கக் கூடாது. ஸ்டாம்ப் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு ஆள் எதிரில் நிற்கும்போது சிஸ்டம் அப்டேட் ஆகிறது என்று சொல்ல முடியாது. ராத்திரி கடை சாத்தியபிறகு, உள்ளே என்னதான் நடக்கிறது என்று நோண்டிப் பார்த்துக் கற்றுக்கொள்ளவும் ஆசை. ஒரே டிஸ்ட்ரோ இரண்டுக்கும் ஆகுமா?

மற்ற விவரம்: பிரிண்டர் கேனான் எல்பிபி 2900 ஒன்று, எப்சன் எல் வரிசையில் கலர் ஒன்று. பழைய ஃபைல் எல்லாம் வானவில் அவ்வையார் ஃபாண்டில் இருக்கிறது. நான் இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் ஹையர் முடித்தவன். பழைய தட்டச்சு முறையில்தான் விரல் ஓடும்.

பதில்: நெய்வேலி மாணவன்

அண்ணா, நானும் ஆர்ச்தான் வைத்திருக்கிறேன். கற்றுக்கொள்வதற்கு அது அருமையான இடம் என்பதில் உங்கள் அக்கா பையனோடு முழுக்க ஒத்துப்போகிறேன். டிஸ்க்கைப் பார்ட்டிஷனாகப் பிரிப்பது, சிஸ்டத்தை எழுப்பும் பூட்லோடரைப் போடுவது, நெட்வொர்க்கை எழுப்புவது எல்லாம் நம் கையால் நடக்கும். 2021-லிருந்து, இதையெல்லாம் தானே செய்துதரும் ஆர்ச்இன்ஸ்டால் என்கிற ஸ்கிரிப்ட் நிறுவல் ஃபைலோடு (ஐஎஸ்ஓ) வருகிறது. முதல் தடவை அதைத் தொடாமல், ஆர்ச் தளத்தின் விக்கியைப் படித்துப் படித்து நீங்களே செய்யுங்கள். அந்த ஒரு ராத்திரியில் புரிவது பல வீடியோ பார்த்தாலும் புரியாது.

ஆனால் கடை மெஷினுக்கு வேண்டாம் அண்ணா. ஆர்ச்சில் பதிப்பு என்று ஒன்று கிடையாது, புதுசு வந்துகொண்டே இருக்கும். இதை மட்டும் ஏற்றுகிறேன், அதை அப்புறம் பார்க்கலாம் என்பது அங்கே செல்லாது. மொத்தத்தையும் சேர்த்துத்தான் ஏற்ற வேண்டும். ஏற்றுவதற்கு முன் ஆர்ச் தளத்தின் முகப்பில் வரும் அறிவிப்பைப் படிக்கிற பழக்கம் வேண்டும். 2025 ஜூனில் வைஃபை, கிராபிக்ஸ் போன்ற பாகங்களுக்கு வேண்டிய லினக்ஸ்-ஃபர்ம்வேர் தொகுப்பைப் பல துண்டாகப் பிரித்தார்கள். பழையதைக் கழற்றிவிட்டு மறுபடி போடச் சொல்லி முகப்பிலேயே எழுதியிருந்தார்கள். படித்தவருக்கு இரண்டு நிமிஷ வேலை. படிக்காதவருக்கு அப்டேட்டே ஏறவில்லை. எனக்கு அது பாடம், உங்களுக்கு வாடிக்கையாளர் நிற்கிற நேரம்.

நேரில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்க ஆள் வேண்டுமென்றால் விழுப்புரத்தில் வி.ஜி.எல்.யு.ஜி., புதுச்சேரியில் எஃப்.எஸ்.ஹெச்.எம். என்று லினக்ஸ், கட்டற்ற மென்பொருள் ஆர்வலர் குழுக்கள் இருக்கின்றன. தமிழில் படிக்க கணியம் இணைய இதழ் இருக்கிறது.

பதில்: லாஸ்பேட்டை மொழிபெயர்ப்பாளர் (புதுச்சேரி)

ஐயா, உங்கள் தொழிலும் என் தொழிலும் பக்கத்துப் பக்கத்துத் தொழில் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எனக்கு வேலை பிரெஞ்சு ஆவணங்கள். இங்கே பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் நிறைய. பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளை பிரெஞ்சிலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து பிரெஞ்சுக்கும் மாற்றித் தருகிறேன். ஒரே பக்கத்தில் இரண்டு மொழியும் கட்டம் கட்டமாக வரும். அதை டெபியன் என்கிற டிஸ்ட்ரோவில் செய்கிறேன்.

எது நல்ல டிஸ்ட்ரோ என்று கேட்டால் சண்டைதான் வரும். மாற்றம் எப்போது வருகிறது, அதை யார் முடிவு செய்கிறார்கள் என்று கேளுங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். டெபியன் 12 வந்தது 2023 ஜூனில். 13 வந்தது 2025 ஆகஸ்டில். நடுவில் வருவதெல்லாம் பாதுகாப்புத் திருத்தமும் பிழைத் திருத்தமும்தான். ஆவணம் அடிக்கிற லிப்ரேஆபீஸும் இன்று இருக்கிற பதிப்புதான் அடுத்த வருடமும் இருக்கும். இது பழசு என்று சிலர் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அதுதான் வேண்டும். கட்டத்தின் கடைசி வரி ஒரு பதிப்பில் முதல் பக்கத்திலும் அடுத்த பதிப்பில் இரண்டாம் பக்கத்திலும் விழுந்தால் என் பிழைப்பு என்ன ஆவது? உங்களுக்கும் அப்படித்தான். ஒப்பந்தத்தில் சாட்சி கையெழுத்து வரி ஸ்டாம்ப் பேப்பரைத் தாண்டி ஓடக் கூடாது.

ஃபெடோரா ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு. ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 13 மாதம்தான் ஆதரவு. நல்ல டிஸ்ட்ரோ, ஆனால் வருடத்துக்கு ஒரு தடவையாவது வீடு மாற வேண்டும். உபுண்டுவின் எல்டிஎஸ் என்கிற நீண்டகால ஆதரவுப் பதிப்பு ஐந்து வருடம் நிற்கும், உங்கள் சர்வீஸ்காரர் சொன்னது தப்பில்லை.

இருந்தாலும் உங்கள் கடைக்கு நான் சொல்வது லினக்ஸ் மின்ட். இப்போதைய 22 வரிசை உபுண்டு 24.04-ன் மேல் கட்டியது, 2029 வரை ஆதரவு உண்டு. 8 ஜிபிக்கு அதன் சினமன் என்கிற திரை அமைப்பு தாராளமாக ஓடும். கீழே மெனு, பக்கத்தில் கடிகாரம் என்று விண்டோஸ் பழகிய கைக்கு இடம் தெரியும். நீங்கள் சாப்பிடப் போனால் கடையில் உட்காருகிற ஆளுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். டைம்ஷிஃப்ட் என்கிற மென்பொருள் கூடவே வருகிறது. சிஸ்டத்தின் நிலையை அது சேமித்து வைக்கும். ஏதாவது கோளாறு ஆனால் முந்தின நாளுக்குத் திரும்பிவிடலாம். ஆனால் அது உங்கள் ஃபைல்களைக் காப்பாற்றுவதற்கு இல்லை. அவற்றுக்குத் தனியாக வெளி டிஸ்க்கில் நகல் எடுத்தே ஆக வேண்டும்.

இனி வானவில். இதில்தான் நிறையப் பேர் முதல் நாளே மனசு விட்டுப்போகிறார்கள். அந்த ஃபைலுக்குள் தமிழ் எழுத்தே கிடையாது. ஆங்கில எழுத்துக் குறிகள்தான் இருக்கின்றன, ஃபாண்ட் அவற்றைத் தமிழ் உருவமாகக் காட்டுகிறது. ஃபாண்ட் இல்லாத சிஸ்டத்தில் திறந்தால் ஆங்கிலமும் குறிகளும் கலந்து கொட்டிக் கிடக்கும். உங்கள் விண்டோஸில் இருக்கிற ஃபாண்ட் ஃபைலை எடுத்து லினக்ஸில் உங்கள் ஹோம் ஃபோல்டரின் ஃபாண்ட்ஸ் இடத்தில் போட்டுவிட்டால் சரியாகத் தெரியும். அதோடு விடாதீர்கள். லிப்ரேஆபீஸில் ஆட்டோகரெக்ட்டை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்குகிறேன் என்று அது மாற்றும். வானவிலில் சின்ன எழுத்துக்கு ஒரு தமிழ் உருவம், பெரிய எழுத்துக்கு வேறு உருவம். விண்ணப்பதாரர் பெயரே மாறிப்போகும். மேற்கோள் குறியை வளைப்பதும் அப்படித்தான். அந்தப் பகுதிக்கு மொழி எதுவும் இல்லை என்று குறித்துவிட்டால் சிவப்புக் கோடும் போய்விடும்.

புதிதாக அடிப்பதை யூனிகோடில் அடியுங்கள், அதில் ஃபைலுக்குள் தமிழ் எழுத்தே இருக்கும். தமிழக அரசே 2010-ல் யூனிகோடை ஏற்று ஆணை போட்டுவிட்டது. அடிக்கும்போது ஒன்று கவனியுங்கள்: லிப்ரேஆபீஸ் ஆங்கிலத்துக்குத் தனி ஃபாண்ட், தமிழுக்குத் தனி ஃபாண்ட் என்று வைத்திருக்கும். ஸ்டைலில் தமிழுக்கான இடத்திலும் அளவைக் குறிக்க வேண்டும். அதைக் குறிக்காமல் டெம்ப்ளேட் செய்தால் ஆங்கிலம் 12-லும் தமிழ் வேறு அளவிலும் நிற்கும், வரி இடைவெளி கோணல்மாணலாக வரும். ஒரு தடவை டெம்ப்ளேட்டை ஒழுங்காகச் செய்து வைத்தால் அப்புறம் தொட வேண்டாம். பழைய வானவில் ஃபைல்களை யூனிகோடுக்கு மாற்ற ஓப்பன்-தமிழ் என்கிற பைத்தான் நூலகத்தில் வழி இருக்கிறது. ராத்திரி நோண்டுவதற்கு இதைவிட நல்ல வேலை உங்களுக்குக் கிடைக்காது, கடைக்கும் உபயோகம்.

நோண்டுவது பற்றி. இரண்டுக்கும் ஒரே டிஸ்ட்ரோ கூட ஆகும், ஒரே டிஸ்க் ஆகாது. ராத்திரி பதினொரு மணிக்கு பூட்லோடரைப் பிரித்துப் போட்டுவிட்டுக் காலையில் கடை திறக்க முடியாது. முதலில் மின்ட்டுக்குள் வர்ச்சுவல்பாக்ஸ் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி ஓடும் மென்பொருள்) போட்டு, அதற்குள் 2 ஜிபி ரேம் கொடுத்து ஆர்ச் நிறுவுங்கள். உடைத்தால் அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். ஆனால் வைஃபை, தூக்கத்திலிருந்து எழாத திரை, கிராபிக்ஸ் இதெல்லாம் அதற்குள் தெரியாது, நிஜ மெஷினில்தான் தெரியும். அக்கா வீட்டில் பழைய அரசு லேப்டாப் கிடந்தால் கேட்டு வாங்குங்கள். அவற்றில் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் டெபியனை வைத்து உருவாக்கியது. அந்த லேப்டாப்பை உங்கள் விருப்பத்துக்குப் பிரித்து மேயலாம். என் பழைய லேப்டாப்பில் ஓப்பன்சூசே டம்பிள்வீட் வைத்திருக்கிறேன். அதுவும் ஆர்ச் போல புதுசு வந்துகொண்டே இருக்கிற ரோலிங் வகைதான், ஆனால் பிடிஆர்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டத்தில் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் முன்பும் பின்பும் சிஸ்டத்தின் நிலையை ஸ்னாப்ஷாட்டாக எடுத்துக்கொள்ளும். கெட்டுப்போனால் பூட் மெனுவிலேயே பழையதைத் தேர்ந்தெடுக்கலாம். உடைத்து, ஏன் உடைந்தது என்று பார்த்து, திரும்ப வந்து மறுபடி உடைக்க அது ரொம்ப வசதி.

பதில்: திருப்பாப்புலியூர் சர்வீஸ்

சார், டிஸ்ட்ரோவை அப்புறம் பார்க்கலாம், முதலில் பிரிண்டரைப் பாருங்கள். ஜெராக்ஸ் கடையில் லினக்ஸ் நிலைக்குமா என்பதை அதுதான் முடிவு செய்யும்.

எப்சனுக்குக் கவலை இல்லை. அதற்கான டிரைவர் டெபியன், உபுண்டு, மின்ட் எல்லாவற்றின் மென்பொருள் களஞ்சியத்திலும் இருக்கிறது. எல்பிபி 2900 வேறு மாதிரி. அது கேப்ட் என்கிற தன் தனி முறையில்தான் கம்ப்யூட்டரோடு பேசும். கேனான் கொடுத்த லினக்ஸ் டிரைவர் பழையது, 32 பிட் நூலகங்களை நம்பியிருப்பது. ஆர்வலர்கள் எழுதிய திறந்தமூல டிரைவரும் இருக்கிறது. ஓட்டிவிடலாம், ஆனால் தினமும் நூறு பக்கம் அடிக்கிற இடத்தில் அதை நம்பி உட்கார வைக்க எனக்கு மனசில்லை. அந்தப் பிரிண்டரை விண்டோஸ் 11 சிஸ்டத்திலேயே விடுங்கள். லினக்ஸில் அடித்ததை பிடிஎஃப் ஆக்கி நெட்வொர்க் ஃபோல்டரில் போட்டால் அங்கிருந்து பிரிண்ட் போகும். பிடிஎஃப்பில் ஃபாண்ட் உள்ளேயே உட்கார்ந்துவிடுவதால் வரியும் நகராது.

அடுத்து பிரிண்டர் வாங்கும்போது பெட்டியில் ஏர்பிரிண்ட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். போட்டிருந்தால் இன்றைய லினக்ஸ் எதிலும் தனி டிரைவர் இல்லாமலே அச்சாகும்.

ஆதார் கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வேலை பிற்பாடு எடுக்கிற எண்ணம் இருந்தால் அதற்கும் விண்டோஸ் சிஸ்டத்தையே வைத்துக்கொள்ளுங்கள். பட்டா, வில்லங்கம் எல்லாம் பிரவுசர் வேலை, மின்ட்டில் எந்தச் சிக்கலும் இல்லை.

நம் ஊர் கரண்ட் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. யுபிஎஸ் இல்லாமல் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அப்டேட் கொடுக்காதீர்கள். பாதியில் நின்ற பேக்கேஜை விட்ட இடத்திலிருந்து தொடர டெபியன் குடும்பத்தில் வழி உண்டு. ஆனாலும் பேட்டரி எத்தனை நிமிஷம் தாங்குகிறது என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

மஞ்சக்குப்பம் தட்டச்சு

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஐ3-ல் மின்ட் சினமன், எல்பிபி 2900 விண்டோஸோடு, இந்த வாரமே ஏற்பாடு செய்கிறேன். ஆட்டோகரெக்ட் விஷயம் தெரியாமல் போயிருந்தால் எத்தனை மனுவில் பெயர் மாறியிருக்குமோ. அக்கா வீட்டில் அரசு லேப்டாப் ஒன்று பரணில் இருக்கிறதாம், பையனையே கூட உட்கார வைத்து அதில் ஆர்ச் போடப் போகிறோம்.

லாஸ்பேட்டை ஐயாவுக்கு ஒரு கேள்வி. யூனிகோடில் அடி என்கிறீர்கள். அதற்காக நான் இனிமேல் தமிழ்99 விசைப்பலகை முறையைக் கற்க வேண்டுமா? இந்த வயதில் விரலை மாற்றினால் வேகம் போய்விடும்.

லாஸ்பேட்டை மொழிபெயர்ப்பாளர்

மாற்ற வேண்டாம் ஐயா. ஐபஸ் என்கிற உள்ளீட்டு மென்பொருளோடு எம்17என் தொகுப்பை நிறுவுங்கள். அதில் தமிழ் என்று தேடினால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு எல்லாவற்றோடும் தட்டச்சு முறை என்று தனியாக ஒன்று வரும். விசைகள் பழைய தட்டச்சுப் பொறி வரிசைதான், திரையில் விழுவது யூனிகோட். நான் பிரெஞ்சு விசைப்பலகையையும் தமிழ்99-ஐயும் இதே ஐபஸில்தான் ஒரு சாவியில் மாற்றி மாற்றி அடிக்கிறேன்.

கொம்பு, புள்ளி விழும் இடத்தில் இன்ஸ்டிட்யூட் பழக்கத்துக்கும் இதற்கும் சின்ன வித்தியாசம் தெரியலாம். அதனால் டிஸ்க்கில் நிறுவுவதற்கு முன் மின்ட்டைப் பென் டிரைவிலிருந்தே லைவாக எழுப்பி, நெட் கொடுத்து, அந்தத் தொகுப்பைப் போட்டு, உங்கள் வழக்கமான வாடகை ஒப்பந்தம் ஒன்றை முழுசாக அடித்துப் பாருங்கள். எந்த எழுத்தில் விரல் தடுக்கிறது என்று இங்கே எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.