வெளிநாட்டு நிதியில் ஊர்க் குழுக்களுக்குத் துணை மானியம்: ஆடிட்டர் மறுக்கிறார், என்ன வழி?

கேட்டவர் (காரைக்குடி):
எங்கள் அறக்கட்டளைக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு உண்டு. ஐரோப்பிய நிறுவனம் ஒன்று இந்த ஆண்டு ₹24 லட்சம் தருகிறது. தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் ஆறு குழுக்களை (கொட்டான் என்னும் ஓலைக்கூடை பின்னும் பெண்கள், கண்மாய்ப் பாசன விவசாயிகள்) வலுப்படுத்த வேண்டும். பட்ஜெட்டில் குழுவுக்கு ₹1.5 லட்சம் வீதம் ₹9 லட்சம் துணை மானியம் (எங்களுக்கு வரும் நிதியிலிருந்து குழுக்களுக்குக் கொடுப்பது), நிர்வாகம் ₹6.5 லட்சம். ஆடிட்டர் இரண்டையும் ஏற்கவில்லை. கோலாலம்பூரில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவரும் இதே வேலைக்குப் பணம் தருகிறார். எந்தக் கணக்கில் வாங்குவது?

பதில் 1:
அண்ணே, ஆடிட்டர் சொல்வது சரி. 2020 திருத்தத்துக்குப் பிறகு, எஃப்சிஆர்ஏ சட்டத்தின் 7-ஆம் பிரிவுப்படி வெளிநாட்டு நிதியை வேறு யாருக்கும் கைமாற்றக் கூடாது. வாங்குபவருக்கு எஃப்சிஆர்ஏ பதிவு இருந்தாலும் கூடாது.

அந்த ₹9 லட்சத்தை அறக்கட்டளையே நேரடியாகச் செலவழிக்கலாம். ஓலை, சாயம், கணக்கெழுதும் பயிற்சி, கண்மாய் அளவெடுப்பு என எதுவானாலும் பில் அறக்கட்டளை பெயரில் இருக்கட்டும். பணம் உங்கள் கணக்கிலிருந்து நேரே கடைக்காரருக்குப் போகட்டும். குழுவின் வங்கிக் கணக்கை இடையில் கொண்டுவராதீர்கள். 'முன்பணம்' என்று வவுச்சர் போட்டாலும் அது கைமாற்றாகத்தான் பார்க்கப்படும். கம்ப்யூட்டர், எடைத் தராசு போன்றவை உங்கள் சொத்துப் பதிவேட்டிலேயே இருக்க, குழுவோடு பயன்பாட்டு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். என்ன வாங்குவது என்பதைக் குழு தீர்மானமாக எழுதித் தரட்டும். இல்லாவிட்டால் வலுப்படுத்துவதற்கு அர்த்தமே இல்லை.

முதல் தவணை வருவதற்கு முன்பே நன்கொடையாளர் ஒப்பந்தத்தைத் திருத்திவிடுங்கள். அதில் 'துணை மானியம்' என்று இருந்தால், பில்கள் ஒழுங்காக இருந்தாலும் விளக்கம் சொல்ல வேண்டி வரும்.

பதில் 2:
நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 20%. ₹24 லட்சத்துக்கு ₹4.8 லட்சம்தான். உங்கள் ₹6.5 லட்சத்தில் என்னென்ன சேர்ந்திருக்கிறது?

கேட்டவர்:
களப் பயிற்சியாளர் சம்பளம் ₹2 லட்சம், மீதி கணக்காளர், வாடகை, வண்டி, அறிக்கை தயாரிப்பு.

பதில் 2:
பயிற்சியாளர் முழுநேரமும் குழுக்களோடு வேலை செய்தால் அது திட்டச் செலவு. அங்கே மாற்றினால் நிர்வாகம் ₹4.5 லட்சமாகிவிடும். பணி நியமனக் கடிதத்தில் வேலை தெளிவாக இருக்க வேண்டும், தினசரிப் பணிக் குறிப்பும் வேண்டும். மற்ற நான்கும் விதிப்படி நிர்வாகம்தான், தப்பிக்க வழியில்லை.

பலரும் சறுக்குவது இன்னொரு இடத்தில். 20% கணக்கு, அந்த நிதியாண்டில் வந்து சேர்ந்த தொகைக்குத்தான். கடைசித் தவணை ₹8 லட்சம் மார்ச்சுக்குப் பதில் ஏப்ரலில் வந்தால் இந்த ஆண்டின் வரவு ₹16 லட்சம், வரம்பு ₹3.2 லட்சம். தவணைத் தேதிகளை இப்போதே பேசி முடித்துவிடுங்கள்.

பதில் 3:
கோலாலம்பூர்க்காரரின் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று கேளுங்கள். செட்டிநாட்டு ஊர்களில் இந்தக் குழப்பம் நிறைய. நகரத்தார் கோயில் வரிப் பட்டியலில் பெயர் இருக்கும், குடியுரிமை மலேசியாவாக இருக்கும். இந்தியப் பாஸ்போர்ட், சொந்தச் சேமிப்பு, வங்கி வழி என்றால் அது உள்நாட்டு நன்கொடை. பாஸ்போர்ட் நகல் வாங்கிக்கொண்டு உள்நாட்டுக் கணக்கில் போடுங்கள். வெளிநாட்டுக் குடிமகன் என்றால், ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு இந்தியா தரும் அட்டை) வைத்திருந்தாலும் அது வெளிநாட்டு நிதி. ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் உள்ள எஃப்சிஆர்ஏ கணக்குக்குத்தான் வர வேண்டும். காரைக்குடியில் நீங்கள் வைத்திருக்கும் பயன்பாட்டுக் கணக்குக்கு (தில்லிக் கணக்கிலிருந்து பணத்தை மாற்றிச் செலவழிக்கும் கணக்கு) நேரே அனுப்பச் சொல்லாதீர்கள்.

கேட்டவர்:
நன்றி. பயன்பாட்டுக் கணக்கில் சேரும் வட்டி?

பதில் 2:
அதுவும் வெளிநாட்டு நிதிதான். டிசம்பர் 31-க்குள் போடும் எஃப்சி-4 என்ற ஆண்டுக் கணக்குப் படிவத்தில் காட்டிவிடுங்கள்.