அப்லோட் ஓடினால் பிங் 800ஐத் தாண்டுகிறது: ரவுட்டர் வரிசையைக் கூட்டுவதா, குறைப்பதா?

வலைக்காரன்:
பெரிய ஃபைல் ஏதாவது அப்லோட் ஆகத் தொடங்கினால் போதும், வீடியோ கால் திணற ஆரம்பித்துவிடுகிறது. சும்மா இருக்கும்போது 20 மில்லி செகண்டில் வரும் பிங் (ஒரு சிறு செய்தி போய்த் திரும்பும் நேரம்), அப்லோட் ஓடும்போது 800க்கு மேல் போகிறது. ஆனால் ஒரு பாக்கெட்கூட (தரவு பிரிந்து போகும் சிறு துண்டு) தொலையவில்லை. அப்லோட் வேகம் 10 எம்பிபிஎஸ். ரவுட்டர் செட்டிங்கில், பாக்கெட்டுகள் வெளியே போகக் காத்திருக்கும் வரிசையின் நீளத்தை மாற்றலாம். எந்தப் பக்கம் மாற்றுவது?

பாக்கெட்_பாண்டி:
கூட்டுங்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வரிசையில் இடம் இல்லை என்றால் பாக்கெட் கீழே விழும், விழுந்ததை டிசிபி (தரவை அனுப்பிச் சேர்க்கும் நெறிமுறை) மறுபடி அனுப்ப வேண்டும், வேகமும் குறையும். பஃபர், அதாவது அந்த வரிசை நிற்கும் நினைவகம், எதற்கு? தாங்கிக்கொள்ளத்தானே.

கடைசி_பிட்:
பாண்டி, ஒரு கணக்கைப் போட்டுவிட்டுப் பேசலாம். லைனுக்கு முன்னால் 1 எம்பி பஃபர் நிறைந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 80 லட்சம் பிட்டுக்குச் சற்று மேல். லைன் நொடிக்கு அனுப்புவது 1 கோடி பிட். ஆக, இப்போது வந்து சேரும் பாக்கெட் தன் முறை வரும்வரை 0.8 நொடி நிற்க வேண்டும். அவர் சொன்ன 800 கிட்டத்தட்ட இதேதான். பாக்கெட் தொலையாததுதான் இங்கே வியாதி. வரிசை நிறைந்து ஏதாவது விழுந்தால்தான் அனுப்பும் பக்கத்துக்கு 'மெதுவாகப் போ' என்று தெரியும், அந்தச் செய்தியைத்தான் பெரிய பஃபர் அமுக்கி வைத்திருக்கிறது. இதற்கு பஃபர்ப்ளோட் என்று பெயரே வைத்தாயிற்று.

பாக்கெட்_பாண்டி:
சரி, அதற்காக பஃபரே வேண்டாமா? லைன் வேகத்தைப் போய்வரும் நேரத்தால் பெருக்கினால் வரும் அளவுக்காவது பஃபர் வேண்டும் என்பது பழைய விதி.

கடைசி_பிட்:
அந்த விதியையே போட்டுப் பாருங்கள். லைன் 10 எம்பிபிஎஸ், போய்வரும் நேரம் 100 மில்லி செகண்ட் என்று வைத்தால் 125 கேபி வருகிறது. நான் சொன்ன 1 எம்பி அதைப் போல எட்டு மடங்கு!

சும்மா_பார்வையாளர்:
நடுவில் ஒரு சந்தேகம். வாங்கும் பக்கம் 'என்னிடம் இவ்வளவுதான் இடம்' என்று டிசிபியில் சொல்லுமே, அது போதாதா?

கடைசி_பிட்:
அது வாங்குபவரைக் காப்பாற்றும், நடுவழியை இல்லை. இரண்டு முனையிலும் நினைவகம் தாராளமாக இருந்து, இடையில் ஒரு கம்பி மட்டும் ஒல்லியாக இருந்தால் அந்த எண்ணால் ஒரு பயனும் கிடையாது. 1986 அக்டோபரில் நடந்தது அதுதான். அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கும் நடுவில் 400 கஜம்தான் தூரம், அதில் வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. வரிசையில் இன்னும் உயிரோடு நிற்கும் பாக்கெட்டைத் தொலைந்துவிட்டதாக நினைத்து எல்லோரும் மறுபடி மறுபடி அனுப்பினால் வேறென்ன ஆகும்? அந்த ஆய்வகத்தின் வான் ஜேக்கப்சன் இதற்குக் கண்ட வழிகளை 1988இல் எழுதினார். சிறிதாகத் தொடங்கு, பதில் வர வரக் கூட்டு, பாக்கெட் தொலைந்தால் சட்டென்று குறை. இன்றைய டிசிபி நிற்பது அந்த அடித்தளத்தில்தான்.

நேரடி_வழி:
தொலைந்தால்தான் நெரிசல் என்று எடுத்துக்கொண்டதே கோளாறு என்பேன். வைஃபையில் நெரிசலே இல்லாமலும் பாக்கெட் விழும். கூகுள் 2016இல் வெளியிட்ட பிபிஆர் என்ற அனுப்பும் முறை, லைன் வேகத்தையும் மிகக் குறைந்த தாமதத்தையும் அளந்து அதற்கேற்ப அனுப்புகிறது. வரிசையை நிரப்பிப் பார்க்கத் தேவையில்லை. அனுப்பும் முனை புத்திசாலியாக இருந்தால் ரவுட்டரைத் தொடவே வேண்டாம்.

கடைசி_பிட்:
உங்கள் முனை புத்திசாலி, சரி, பக்கத்தில் ஓடுபவன்? சின்ன பஃபரில் முதல் பிபிஆர் என்ன செய்தது தெரியுமா? பாக்கெட் விழுவதைக் கண்டுகொள்ளாமல் தள்ளிக்கொண்டே போகும், கூட ஓடும் கியூபிக் (இழப்பைப் பார்த்து வேகம் குறைக்கும் வழக்கமான டிசிபி முறை) இணைப்பு ஒவ்வொரு இழப்புக்கும் மரியாதையாக ஒதுங்கி ஒதுங்கி ஓரத்தில் கிடக்கும். அடுத்த பதிப்பில் இழப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டியதாயிற்று. தவிர, அப்லோட் செய்யும் ஒவ்வொரு கருவியிலும் எது ஓட வேண்டும் என்று வலைக்காரன் போய் முடிவு செய்ய முடியுமா?

வலைக்காரன், வரிசையின் நீளத்தை விடுங்கள், அதில் எப்படி நிற்க வைக்கிறோம் என்பதைப் பாருங்கள். ரவுட்டரில் எஃப்கியூ-கோடெல் என்ற வரிசை நிர்வாக முறை இருந்தால் போடுங்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை, அதனால் வீடியோ காலின் பாக்கெட் பெரிய ஃபைலுக்குப் பின்னால் நிற்காது. ஒரு பாக்கெட் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்த்து, அந்த நேரம் 100 மில்லி செகண்டுக்கு 5 மில்லி செகண்டுக்குக் கீழே இறங்கவே இல்லை என்றால் பாக்கெட்டைக் கைவிடத் தொடங்கும். முக்கியமாக, ரவுட்டரில் அப்லோட் எல்லையை 9 எம்பிபிஎஸ் என்று, லைன் வேகத்துக்குச் சற்றுக் கீழே வையுங்கள். இல்லாவிட்டால் வரிசை மோடத்தில் போய்ச் சேரும், அங்கே உங்கள் கை எட்டாது.

வலைக்காரன்:
போட்டுப் பார்த்தேன். அப்லோட் ஓடும்போதே பிங் 30க்குள் நிற்கிறது, காலும் தெளிவு.

பாக்கெட்_பாண்டி:
10க்குக் காசு கொடுத்து 9 வாங்கியிருக்கிறீர்கள், வாழ்த்துகள். மொபைல் இணைப்பில் வேகம் நொடிக்கு நொடி மாறுமே, அங்கே எந்த எண்ணைப் போடுவீர்கள்?

கடைசி_பிட்:
அங்கே நிலையான எண் எடுபடாது, அதை ஒத்துக்கொள்கிறேன். பஃபரைப் பெரிதாக்கினாலும் எடுபடாது.

நேரடி_வழி:
அதனால்தான் முனையிலேயே அளக்க வேண்டும் என்கிறேன்.