சுரங்கக் கழிவு மண்ணுல மரம் மட்டும் எப்படி சாகாம நிக்குது?

கரும்பாறை:
ஒரு டவுட்டு. பழைய ஈய, துத்தநாக சுரங்கத்துல கழிவு கொட்டுன மேடு இருக்குல்ல, அதுல புல்லு கூட ஒழுங்கா வராத இடத்துல பிர்ச்சும் வில்லோவும் தானா முளைச்சு நிக்குற போட்டோ பாத்தேன். காட்மியம் எல்லாம் கலந்த மண்ணு. விஷத்த உறிஞ்சி ஜீரணம் பண்ணிடுதா? அப்படின்னா மரத்த நட்டே எல்லாத்தையும் சுத்தம் பண்ணிடலாமே?

வேர்ப்பூச்சி:
ஜீரணம்லாம் கிடையாது ப்ரோ. காட்மியம் ஒரு தனிமம், அத எந்த மரமும் உடைக்க முடியாது. முக்காவாசி வேலை வேர்லயே முடிஞ்சிடுது, வேர் செல்லோட சுவர்லயே நிறைய உலோகம் ஒட்டிக்கும், அதையும் தாண்டி உள்ள வர்றத ஃபைட்டோகிலேட்டின்னு ஒரு சின்ன புரதத்துண்டு புடிச்சு வாக்குவோலுக்குள்ள தள்ளிடும், அதான் செல்லோட குடோன், அங்க கிடந்தா யாருக்கும் தொல்லை இல்ல. ஈயம் பெரும்பாலும் வேரோட நின்னுடும். காட்மியமும் துத்தநாகமும் அப்படி இல்ல, வில்லோ, பாப்லர்ல இலை வரைக்கும் ஏறிடும்.

காளான்பிரியன்:
பூஞ்சைய விட்டுட்டீங்களே. பைன், பிர்ச் வேர சுத்தி உறை மாதிரி ஒரு பூஞ்சை வளரும், மண்ணுல இருக்குற உலோகம் வேருக்கு வர்றதுக்கு முன்னாடியே நிறைய அதுல மாட்டிக்கும். பெல்ஜியத்துல துத்தநாக உருக்காலைங்க இருந்த பக்கம் சூயில்லஸ் லூட்டியஸ்னு ஒரு காளான், துத்தநாகத்த தாங்குற வகையாவே மாறிடுச்சு, அது கூட சேந்த பைன் கன்னு சாதா பூஞ்சை கூட சேந்தத விட நல்லா தாங்குது. மரத்துக்கு ஒரு தலைமுறைன்னா பல வருஷம், பூஞ்சை அதவிட சீக்கிரம் மாறிக்கும். என்னைக் கேட்டா பாதி கிரெடிட் பூஞ்சைக்குத்தான்.

வேர்ப்பூச்சி:
பாதின்னு சொல்றது கொஞ்சம் ஓவர் 😄 வில்லோ பூஞ்சை இல்லாமலே தொட்டியில தாங்குது. ஆனா பைனுக்கு ஒத்துக்கிறேன். இன்னொன்னு, மண்ணுல விஷம் எல்லா இடத்துலயும் ஒரே அளவா இருக்காது, வேர் மோசமான பக்கம் வளராம நல்ல பக்கமா கிளை விட்டு தப்பிச்சுக்கும்.

நீலப்பால்:
நியூ கலிடோனியா தீவுல பிக்னாண்ட்ரா அக்யூமினாட்டான்னு ஒரு மரம், வெட்டுனா நீலப்பச்சையா பால் வடியும், காஞ்ச பால்ல சுமார் 25% நிக்கல்! சிட்ரிக் அமிலத்தோட கட்டி வச்சிருக்கும். 1976லயே எழுதிட்டாங்க. ஆனா அது சுரங்கத்தால கெட்ட மண்ணு இல்ல, இயற்கையாவே நிக்கல் நிறைஞ்ச மண்ணு, அதுக்கே பழகி வந்த மரம்.

கரும்பாறை:
வாவ். அப்போ சுத்தம் பண்றது?

பிஎச்நாலு:
அது ரொம்ப ஸ்லோ நண்பா. முதல்ல ஒன்னு, நிறைய கன்னு சாகுறது உலோகத்தால மட்டும் இல்ல. கழிவுல பைரைட் (இரும்பும் கந்தகமும் சேந்த தாது) இருந்தா காத்தும் தண்ணியும் பட்டு கந்தக அமிலம் ஆகும், அமிலத்துல உலோகம் இன்னும் கரையும், போதாததுக்கு நைட்ரஜன் இல்ல, மக்கு இல்ல, தண்ணியும் நிக்காது. அதனால சுண்ணாம்பும் கம்போஸ்ட்டும் போட்டுட்டு ஆல்டர் மாதிரி காத்துல இருந்து நைட்ரஜன் புடிக்கிற மரத்த வச்சா புடிச்சுக்கும். லாபம் என்னன்னா தூசி பறக்காது, மழைக்கு மண்ணு அரிச்சு ஆத்துக்குப் போறதும் குறையும். உலோகம் அங்கயேதான் இருக்கும். வில்லோவ வெட்டி வெட்டி எடுத்தா காட்மியம் கொஞ்சம் கொஞ்சமா குறையும், ஆனா இலை உதிர்றதுக்கு முன்னாடி வெட்டணும், இல்லன்னா ஆழத்துல இருந்தத மேல் மண்ணுல கொண்டு வந்து போட்ட கணக்கு. வெட்டுன கட்டைய சாதா அடுப்புல எரிக்கவும் கூடாது, காட்மியம் புகையோட போயிடும், ஃபில்டர் இருக்குற ஆலையிலதான் எரிக்கணும்.